இத்தா வீட்டுச் சாணி மெஷின்

சென்ற மாதம் நம் பாடசாலையில் பழைய மாணவிகள் ஒன்றுகூடினோமே, அன்றைக்கு உங்களில் ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கட சாணி மெஷினும் வந்திரிக்கி" என்றாள். மண்டபமே சிரித்தது. எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது, பாதிப் பேருக்கு முழங்கால் நோவு, போட்ட மாத்திரை ஞாபகமில்லை. அந்தப் பெயர் மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை. நானும் சிரித்தேன். தட்டில் இருந்த ரோல்ஸை முழுதாகத் தின்று முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் சொன்னாள், "உம்மா, அந்தக் கதைய இனி வெளியில கதைக்காதீங்க. பேத்திக்குச் சம்பந்தம் பேசுற நேரம். அவங்கட காதில விழுந்தா என்ன நினைப்பாங்க?"

அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தம் பேசுகிறவர்களும் வாசிக்கட்டும். என் வயதுக்காரிகளே, நீங்கள் அந்தப் பெயரை வைத்தீர்கள். ஆனால் அந்த மெஷினை நீங்கள் பார்த்ததே இல்லை. ஒழுங்கை முனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனவர்கள் நீங்கள்.

எங்கள் வளவு ஊரின் மேற்குக் கரையில், வயல்வட்டை தொடங்குகிற இடத்தில் இருந்தது. வளவு உம்மாவின் சீதனம். மாடுகளும் உம்மாவுக்கு அவருடைய தாய்வழியில் வந்த முதுசம். வாப்பா நீர்ப்பாசன வேலைத்தலத்தில் இயந்திரம் திருத்துகிறவராக இருந்தவர். சாணி அள்ளி அள்ளி உம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்து எழும்ப முடியாமல் போன வருடத்தில், வாப்பா கொட்டிலுக்குச் சீமெந்து போட்டார். இரண்டு வரிசை மாடுகள். முகம் வெளிப்பக்கம், வால் உட்பக்கம். நடுவில் நீளத்துக்குக் கான் என்கிற ஒரு வாய்க்கால். கணுக்கால் ஆழம், ஓர் ஆள் படுக்கிற அகலம். கானின் மேற்கு முனையில், நிலத்தில் வெட்டிய பெரிய சாணிக் கிடங்கு.

அந்தக் கானுக்குள் ஓர் இரும்புத் தகடு. கானின் அகலத்துக்குச் சரியாக வெட்டி, அடியில் லொறி டயர் றப்பரை வார்போலச் சீவிப் பொருத்தியிருந்தார். தகட்டிலிருந்து ஒரு கம்பிக் கயிறு கிளம்பி, கிடங்கின் சுவரில் பதித்த கப்பியைச் சுற்றி மேலே ஏறி, ஓர் உருளையில் சுற்றும். அந்த உருளை மீன்பிடி வள்ளம் ஒன்றிலிருந்து கழற்றி வந்தது. அதைச் சுழற்றுவதற்கு வயலுக்குத் தண்ணீர் இறைக்கும், மண்ணெண்ணெயில், எங்கள் பேச்சில் லாம்பெண்ணெயில், ஓடுகிற பழைய இஞ்சின். இஞ்சின் ஓடினால் கயிறு இழுபடும். தகடு நிமிர்ந்து நின்று கொட்டிலின் சாணி, மூத்திரம், மிதிபட்ட வைக்கோல் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிப்போய்க் கிடங்கில் கொட்டும். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு, மறுமுனையில் நின்று தும்புக் கயிற்றை இழுத்தால் தகடு கதவு மாதிரி மடிந்து, வெறுமையாகத் திரும்பி வரும். அவ்வளவுதான் மெஷின். உலக அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

வாப்பா என்னை அதன் பக்கம் அண்டவிட்டதே இல்லை. "கிட்ட வராத மகள், சால்வை சிக்கினா கழுத்த இழுத்துப் போடும்" என்பார். நான் வேலியோரம் முருங்கை மரத்தடியில் நின்று பார்ப்பேன். வேலை முடிந்ததும் அவர் தகட்டைக் கழுவிக் கழிவு ஒயில் பூசுவார். கயிற்றை விரலால் தடவித் தடவிப் பிய்ந்த கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பால்மா டின்னில் கிரீஸ் வைத்திருப்பார். அதற்குள் எப்போதும் ஒரு பழைய சவரத் தூரிகை நின்றுகொண்டிருக்கும். சாணி மணமும் லாம்பெண்ணெய் மணமும் அவர் போட்ட அத்தர் மணமும் கலந்து ஒரு மணம் வரும். அதை உங்களுக்கு எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மாரி மழை தொடங்கிய கிழமையில் வாப்பா மவுத்தானார். சுபஹுத் தொழுகைக்கு வுளூ எடுக்க, கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் கிணற்றுக் கட்டில் சாய்ந்தார். ஜனாஸா அடக்கத்துக்குப் போனபிறகு உம்மாவை வெள்ளை உடுத்தி, வீட்டின் உள்ளறையில் இத்தாவுக்கு இருத்தினார்கள். புருஷனை இழந்த பெண், குறித்த காலம் முடியும்வரை அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஜன்னலுக்குத் தடித்த சேலை கட்டினார்கள். ஆராவது தெரியாமல் தள்ளித் திறந்துவிடக் கூடாது என்று, உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, இரும்படிக்கிற கம்மாலைக்காரரைக் கொண்டு அந்த அறைக் கதவுக்கு உட்பக்கமாகத் தாழ்ப்பாளாகப் பெருவிரல் தடிப்பில் புது இரும்புக் கொண்டி ஒன்று போடுவித்தார்.

மாமா கெட்டவர் அல்ல. நெல் மில் வைத்திருந்தார். எங்களுக்கு அரிசி மூட்டை அனுப்பினார், ஓத ஆள் அனுப்பினார், என் தலையைத் தடவி அழுதார். வாப்பாவின் பேரில் கத்தம் ஓதி முடித்த மறுநாள் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்த உம்மாவிடம் சொன்னார்:

"தங்கச்சி, மாட்ட வித்துப் போடுவம். ஆம்புள இல்லாத வீட்டில மாடும் மெஷினும் என்னத்துக்கு?"

"ஆம்புள இரிக்கிற நேரமும் மாடு என்டதான், காக்கா" என்றார் உம்மா உள்ளிருந்து.

"அயலவன் எல்லாம் மணம் எண்டு முறைப்பாடு. மச்சான் இரிந்த நேரம் துப்பரவா வச்சிரிந்தாரு, ஆரும் வாய் திறக்கல்ல. இனி ஆரு செய்யிற?"

"செய்வம்."

"இத்தாவில இரிந்துகொண்டு இதெல்லாம் கதைக்காத."

"இத்தாவில வெளிய வரத்தான் கூடாது. வாய் திறக்கக் கூடாதெண்டு எந்தக் கிதாபில இரிக்கி? எடுத்துக் காட்டுங்க காக்கா, மூடிக்கிறன்."

மாமா எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். முற்றத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி. மச்சான் இரிந்த மாதிரிக் கொட்டில் துப்பரவா இரிந்தா மாடு நிக்கட்டும். ஒரு நாள் சாணி தேங்கி நிண்டாலும் யாவாரியக் கூட்டிக்கு வருவன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடா."

அதே கிழமை வாப்பாவோடு கொட்டிலில் நின்ற வேலையாளைத் தன் மில்லுக்கு எடுத்துக்கொண்டார். "பாவம், குடும்பக்காரன், அவனுக்கும் உழைப்பு வேணும்" என்றார். நான் அதை நம்பினேன். அந்த ஆளை எடுத்தால் கொட்டில் தானாகவே படுத்துவிடும் என்று மாமா கணக்குப் போட்டிருப்பார் என்பது எனக்குப் புரிவதற்கு நானும் பிள்ளை பெற்று வளர்க்க வேண்டியிருந்தது.

மிஞ்சியது நானும் பால் பெரியம்மாவும். பாண்டிருப்பிலிருந்து விடியப்புறம் நடந்து வந்து எங்கள் பாலை வாங்கிப்போய்ச் சில்லறையாக விற்கிற தமிழ்ப் பெண் அவர். அவரும் புருஷனை இழந்தவர். உம்மா உள்ளே போன நாளிலிருந்து பால் கறப்பதையும் அவரே எடுத்துக்கொண்டார். கறந்து முடிந்ததும் கைகழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய் உம்மாவோடு கொஞ்ச நேரம் கதைப்பார். ஒருநாள் வெளியே வந்து என்னிடம் சொன்னார், "எனக்கு வெள்ளைச் சீலை தந்து வெளிய விட்டாங்க. உன்ட உம்மாக்கு வெள்ளைச் சீலை தந்து உள்ளுக்கு விட்டிரிக்காங்க. மாடு ரெண்டு பேரையும் கேக்காமச் சாணி போடுது. வா புள்ள."

அப்படித்தான் நான் மெஷினில் கை வைத்தேன்.

முதல்நாள் இஞ்சின் என்னை அடித்துப்போட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் திருப்பி உதைக்கும். என் தோள்மூட்டு வீங்கியது. பெற்றோலில் தொடங்கி, சூடு ஏறியபிறகு லாம்பெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும் என்பது வேலியோரம் நின்று பார்த்ததில் ஞாபகம் இருந்தது. எவ்வளவு சூடு என்பது தெரியாது. அவசரப்பட்டுத் திருப்பினேன். கறுத்த புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் கரி. துடைத்துப் போட்டேன். மறுபடி கரி. உள்ளறை ஜன்னலிலிருந்து உம்மாவின் குரல் வந்தது:

"புள்ள, வாப்பாட சத்தம் இதில்ல!"

"எப்பிடிச் சத்தம் உம்மா?"

"எனக்கென்ன தெரியும்? நான் சோறாக்கிற நேரம் அது ஒரே சீரா ஓடும். இது இருமுது."

உம்மாவுக்கு மெஷினைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. இருமினால் திருகாணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் இருமினால் கொஞ்சம் அந்தப் பக்கம். எத்தனையோ நாள் அப்படியே போனது. ஒருநாள் காலையில் இருமல் நின்று ஒரே சீராக ஓடியது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.  சேலைக்குப் பின்னால் உம்மா அழுதுகொண்டிருந்தார் என்று பெரியம்மா பிறகு சொன்னார். அது வாப்பா உயிரோடு நிற்கிற சத்தம் மாதிரி இருந்ததாம்.

அந்த மாரியில் நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. டயர் றப்பர் தேய்ந்தால் தகடு சாணியை வழித்துக்கொண்டு போகாமல் பூசிக்கொண்டு போகும். அப்போது றப்பரைக் கழற்றித் தலைகீழாக மாற்றிப் போட வேண்டும். தகட்டின் கீலில் வைக்கோல் சிக்கி இறுகினால் திரும்பும்போது மடியாது. கத்தி முனையால் தோண்டி எடுக்க வேண்டும். கழுவிவிட்டு ஒயில் பூசாமல் விட்டால் மாட்டு மூத்திரம் இரும்பைத் தின்னும். இரவில் போட்டதை எல்லாம் காலையில் தள்ளிவிட்டு, குளித்து, வெள்ளைச் சீருடை போட்டு, ஓடிவந்து உங்களோடு வரிசையில் நிற்பேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் உட்கார்ந்த வாங்குப் பலகையில் இருந்து ஒவ்வொருத்தியாக எழும்பிப் போனீர்கள். கிரீஸ் எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். டீச்சர் என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "பொம்புளப் புள்ளைட கையா இது?" என்று கேட்டார். "சாணி மெஷின்" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். பெயர் பிறந்தது அங்கேதான். நான் கையை ஒளிக்கவில்லை. அன்று முழுவதும் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் பார்வையைத் திருப்பும்வரை அவரையே பார்த்தேன்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். உம்மா என்னைப் பற்றித் தவறாக நினைத்தார். எனக்கு வெட்கமே கிடையாது, கல் மாதிரிப் பிள்ளை என்று பெருமையாகப் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்குது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் நின்று நான் அழுததை மாடுகள்தான் பார்த்தன. அழுதபிறகும் மெஷினைப் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. மூன்று நாலு நாளாக விடாத மழை. வட்டை முழுவதும் ஒரே வெள்ளம். மெயின் றோட்டில் கூடத் தண்ணீர். ஜும்ஆவுக்குக் கடையெல்லாம் பூட்டியிருந்தது. மாடுகள் வெளியே போக முடியாமல் கொட்டிலுக்குள்ளேயே நின்றன, உள்ளேயே போட்டன. மத்தியானம் மெஷினைப் போட்டேன். தகடு பாதித் தூரம் போனது. கிடங்குப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். கயிறு தொய்ந்தது. தகடு நடுக்கானில் நின்றுவிட்டது. அதன் முன்னால் மலைபோலச் சாணி.

மழையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கிடங்குச் சுவரில் இருந்த கப்பி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அதன் நடுவே போகிற இரும்பு அச்சு ஊசி மூத்திரத்தில் கரைந்து, மெலிந்து, முறிந்திருந்தது. அதற்கும் கிரீஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வேலியோரம் நின்று பார்த்தால் அது தெரியாது.

நான் கப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அரைமணி நேரத்துக்குள் மாமாவின் மில் பெடியன் ஒருவன் குடையோடு வந்தான். "ராத்தா, விடியக் காலையில முதலாளி யாவாரியோட வாராராம், மாட்டப் பாக்க. சொல்லச் சொன்னாரு" என்று ஜன்னலுக்குச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். பிறகு யோசித்தால், எங்கள் ஒழுங்கையால் போன ஆரோ சாணி தேங்கிய சேதியை உடனே மில்லுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

கம்மாலைக்கு ஓடினேன். கம்மாலைக்குள் முழங்கால் தண்ணீர், ஆள் இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குள் கையில் கிடைத்த இரும்பெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அலவாங்கு தடிப்பு. ஆணி மெல்லிசு. பாக்குவெட்டியைக்கூட வைத்துப் பார்த்தேன். மழை கொட்டுகிறது, பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறது, நான் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்று, "முடியாது உம்மா. விக்கட்டும்" என்றேன். அந்த மாரியில் அந்தச் சொல்லை நான் சொன்னது அப்போது மட்டும்தான்.

உள்ளே உம்மா பாயை விட்டு எழும்பிக் கதவடிக்கு வருவது கேட்டது.

"எவ்வளவு தடிப்பு வேணும்?" என்று உம்மா கேட்டார்.

"பெருவிரல் தடிப்பு. ஒரு சாண் நீளம்."

பிறகு கதவின் உட்பக்கம் ஏதோ இடிபடுகிற சத்தம். கதவுக்கு முட்டாக வைத்திருந்த அம்மிக் குழவியால் அடிக்கிறார். மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. நானும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஜன்னல் சேலை விலகியது. வெள்ளைச் சேலை சுற்றிய கை ஒன்று வெளியே நீண்டது. அந்தக் கையில் மாமா போடுவித்த கொண்டி.

"இது புது இரும்பு. கொண்டு போ" என்றார் உம்மா.

கிடங்கின் குறுக்கே தென்னம் பலகை ஒன்றைப் போட்டோம். நான் அதில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டேன். பெரியம்மா என் இடுப்பைச் சுற்றித் தன் சேலைத் தலைப்பைக் கட்டி, இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டார். மழையில் கிடங்கு நிரம்பி, சாணித் தண்ணீர் என் நெற்றியைத் தொட ஒரு முழம்தான் இருந்தது. அந்த ஆவி கண்ணைக் கரித்தது. முறிந்த துண்டு இறுகிப்போய் வரவில்லை. சுத்தியலைப் பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பலகை துள்ளியது.

"விழுந்திராதகா! உன்ட உம்மாக்கு நான் என்ன சொல்லுற?" என்று மேலே பெரியம்மா கத்திக்கொண்டே இருந்தார். கத்தினாரே தவிர, பிடி தளரவில்லை.

துண்டு கழன்று கிடங்கில் விழுந்தது. கொண்டியை நுழைத்தேன். பாதியில் நின்றது. எடுத்து, கிரீஸ் டின்னுக்குள் முழுதாகத் தோய்த்து, மறுபடி நுழைத்து அடித்தேன். போனது. இரண்டு பக்கமும் கம்பி சுற்றி முறுக்கினேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது தகடு சாணி முழுவதையும் தள்ளிக்கொண்டு வந்து என் கண்முன்னே கிடங்கில் கொட்டியது. பெரியம்மா மழையில் நனைந்த தலையோடு நின்று, "கொட்டு! கொட்டு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினார். பெருநாளுக்குப் புத்தாடை கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. மாமா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். கூடவே மாட்டு யாவாரி. பெரிய மீசை, கையில் பிரம்பு. சீமெந்துத் தரை கழுவி ஈரமாகக் கிடந்தது. மாமா கானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாளியால அள்ளினீங்களா?"

"இல்ல மாமா. மெஷின்."

"மெஷின் உடைஞ்சு கிடக்கெண்டு சொன்னானுகள்."

"செய்தாச்சு."

அவர் நம்பவில்லை. "போட்டுக் காட்டு, பாப்பம்" என்றார். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். இருமிவிட்டு நின்றது. யாவாரி பிரம்பால் ஒரு சிவலைப் பசுவின் முதுகைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினான். மாமா மெதுவாக, அன்பாகத்தான், "காணும் மகள். விடு. கையெல்லாம் என்ன கோலம் பாரு" என்றார்.

அந்த அன்புதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. பிளக்கைக் கழற்றினேன். தலையில் குத்தியிருந்த கொண்டை ஊசியை உருவி, கரியைச் சுரண்டினேன். முக்காடு வழுக்கித் தோளில் விழுந்தது. இரண்டு ஆண்களுக்கு முன்னால் அதை எடுத்துப் போட எனக்குக் கை ஒழியவில்லை. பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். பிடித்தது. சூடு ஏறும்வரை பொறுத்திருந்து எண்ணெயைத் திருப்பினேன். ஒரே சீராக ஓடியது. தகடு அசைந்தது. விடியப்புறம் முதல் மாடுகள் போட்டிருந்ததை எல்லாம் வழித்துக்கொண்டு, மாமா நின்ற இடத்தைத் தாண்டி, கிடங்கில் தொப்பென்று கொட்டியது. தெறித்த தெறிப்பில் மாமாவின் வெள்ளைச் சாரம் முழங்கால்வரை பச்சை.

யாவாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "முதலாளி, இப்பிடி வச்சிரிக்கிற மாட்ட என்னத்துக்கு விக்கிறீங்க?" என்றான்.

"விக்க இல்ல" என்றது ஜன்னல்.

மாமா வீட்டுக்குள் போனார். நான் பின்னாலே ஓடினேன். உள்ளறைக் கதவு கொண்டி இல்லாமல், மரம் பிளந்து, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார். கூடப்பிறந்தவர்தானே, பார்ப்பதில் தடை இல்லை. ஆனால் மாமா வாசலைத் தாண்டவில்லை.

"கொண்டி எங்க?"

"மெஷினில போட்டிரிக்கன்."

"உன்ட மரியாதைக்குப் போட்ட கொண்டி அது!"

"ஓம் காக்கா. இப்பதான் அது என்ட மரியாதையத் தாங்குது."

மாமா வெளியே போனார். சாரத்தைக் கழுவத் தண்ணீர் ஊற்ற நான் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அந்தக் கறையோடேயே மெயின் றோட்டில் ஏறினார்.

இப்போது எனக்கு அன்றைய மாமாவைவிட வயது கூடிவிட்டது. அவர் பேராசைக்காரர் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது சரியில்லை. அவர்களுடைய தாய் இளம் வயதிலேயே புருஷனை இழந்து, வீடு வீடாக நெல் குற்றி, அந்தக் காசில் மாடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன கதைத்தது என்பதைச் சின்ன வயதில் மாமா காதால் கேட்டிருக்கிறார். தன் தங்கச்சியை ஊர் அப்படிக் கதைக்கக் கூடாது என்றுதான் எல்லாம் செய்தார். ஊரின் வாயை அடைக்க முடியாதென்று, தங்கச்சியின் கதவை அடைத்தார். அவர் பயந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் புரிகிறது என்பதற்காக அன்று செய்ததில் ஓர் அணுவைக்கூட நான் மாற்றியிருக்க மாட்டேன்.

அந்தக் கொட்டில் இப்போது இல்லை. மாடுகள் கைமாறின, தகடு பழைய இரும்புக்குப் போனது, அந்த இடத்தில் என் மகளின் மாடி வீடு நிற்கிறது. பெரியம்மா எங்கள் பக்கம் வரவும் நாங்கள் அவர் பக்கம் போகவும் முடியாத கலவர வருடங்கள் பின்னால் வந்தன. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பிடித்த பிடி என் கணுக்காலில் இருக்கிறது. கொட்டில் போனதற்கு நான் அழவும் இல்லை. மெஷின் என்றால் தேயும். நான் சொல்ல வந்தது வேறு.

இத்தா முடிந்த நாள். உம்மாவைக் குளிப்பாட்டி, வெள்ளையை மாற்றி, சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அப்படி வெளியே வருகிற பெண் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்கு, முகத்தை மறைத்து, வாகனத்தில் போய் வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் கார் ஒன்று நின்றது. உம்மா அதைப் பார்த்துவிட்டு, "மில்லுக்குத்தான் போறன். நடந்து போறன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மில்லுக்குள் தவிட்டுத் தூசு பறந்தது. மாமா தராசுக்குப் பக்கத்தில் நின்றார். வாப்பாவின் பழைய வேலையாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை பேரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். கணவன் போனபிறகு என் உம்மாவை ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவனைக் கூட்டிப் போக வந்தியா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல காக்கா. அவன் இஞ்சயே உழைக்கட்டும். உங்கட மெஷினில மாத்துற பழைய ஒயில மண்ணில ஊத்துறீங்களாம். என்ட புள்ளைக்கு அது வேணும்."

மாமா தராசை விட்டு நகர்ந்தார். பிறகு தானே உள்ளே போய், தானே ஒரு பெரிய டின்னில் ஒயிலை ஊற்றி, கைப்பிடியைத் துணியால் துடைத்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "பாரம். பெடியன் ஒருத்தன அனுப்புறன்" என்றார்.

"நாங்க தூக்குவம்" என்றார் உம்மா.

டின்னின் கைப்பிடியில் ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் நான். மெயின் றோட்டில் சனம் நிறைந்த நேரம். பள்ளிவாசல் முன்னால் ஆட்கள், தேநீர்க் கடையில் ஆட்கள், நிந்தவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியே ஆட்கள். எல்லோருடைய கண்ணும் எங்கள்மேல். ஒயில் தளும்பி என் வெள்ளைச் சப்பாத்தில் சிந்தியது. நான் என்னை அறியாமலேயே வேலியோரமாக, கானோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறேன். உம்மா டின்னைத் தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஓரத்தால போகாத புள்ள" என்றார். "நடுவால நட."